முத்தத்தில் மூக்குக்கு என்ன வேலை?

பழைய ரோமில் உறவுக்கார ஆண்கள் தங்கள் குடும்பப் பெண்களைப் பார்த்ததும் முத்தம் கொடுக்கும் வழக்கம் இருந்தது. அன்பும் இருந்திருக்கும். ஆனால் கேட்டோ என்ற கண்டிப்பான அரசியல்வாதி அதற்குச் சொன்ன காரணம் வேறு. அந்தப் பெண் யாருக்கும் தெரியாமல் மது குடித்திருக்கிறாளா என்று மோந்து பார்ப்பதற்குத்தான் அந்த முத்தமாம். பெண்கள் குடிப்பது அக்கால ரோமில் பெருங்குற்றம். கி.பி. முதல் நூற்றாண்டில் வாழ்ந்த பிளைனி தன் 'இயற்கை வரலாறு' நூலில் இதைப் பதிந்து வைத்திருக்கிறார்.

கேட்கவே எரிச்சலாக இருக்கிறது. ஆனாலும் கேட்டோ ஒரு விஷயத்தைச் சரியாகப் பிடித்துவிட்டார். முத்தம் என்றதும் நாம் உதட்டைத்தான் நினைக்கிறோம். அந்த நேரத்தில் மூக்கும் நாக்கும் சும்மா இருப்பதில்லை. எதிரில் இருப்பவரின் வாசனை, சுவை, மூச்சு எல்லாம் ஒரே நொடியில் நம்மிடம் வந்து சேர்கின்றன. முத்தத்தின் வரலாற்றையும் அறிவியலையும் இந்தப் பக்கத்திலிருந்து பார்த்தால் பல புதிர்கள் தெளிவாகும்.

நமக்கு இதில் பெரிய அதிசயம் இருக்காது. குழந்தையை வாரி எடுத்து உச்சி முகர்வது நம் வீடுகளில் அன்றாடக் காட்சி. பாட்டிமார் பலர் உதட்டைப் பதிப்பதைவிட மூக்கைப் பதித்து ஒரு மூச்சு இழுப்பார்கள். இன்னும் சிலர் பிள்ளையின் கன்னத்தைத் தொட்டு, அந்த விரல்களைத் தங்கள் உதட்டில் வைத்து 'உம்மா' என்பார்கள். எச்சில் படாத முத்தம்! அமெரிக்க சமஸ்கிருத அறிஞர் ஹாப்கின்ஸ் 1907இல் பழைய இந்தியாவின் 'மோப்ப முத்தம்' பற்றித் தனிக் கட்டுரையே எழுதினார். பயணம் முடிந்து வரும் தந்தை மகனின் தலையை முகர வேண்டும் என்பது அன்று சடங்கு நூல்களில் எழுதிவைத்த விதி. மலாய் மொழியில் மோப்பதற்கும் முத்தத்துக்கும் ஒரே சொல்தான். பர்மாவிலும் தாய்லாந்திலும் கன்னத்தில் மூக்கை வைத்து மூச்சை உள்ளிழுப்பதே பாரம்பரிய முத்தம்.

எஸ்கிமோக்கள் மூக்கோடு மூக்கு உரசுவார்கள், உதடு பட்டால் குளிரில் ஒட்டிக்கொள்ளுமாம் என்று ஒரு கதை உண்டு. அதை நம்ப வேண்டாம். இனுயிட் மக்கள் மூக்கையும் மேலுதட்டையும் அன்புக்குரியவரின் கன்னத்திலோ நெற்றியிலோ பதித்து முகர்கிறார்கள். அதுவும் பெரும்பாலும் குழந்தைகளுக்கும் நெருங்கிய குடும்பத்தாருக்கும்தான். குளிருக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

பச்சிளம் குழந்தையின் வாசனையில் அப்படி என்னதான் இருக்கிறது? யோஹான் லுண்ட்ஸ்ட்ரோம் குழுவினர் 2013இல் வெளியிட்ட ஆய்வில், அறிமுகமே இல்லாத குழந்தைகள் உடுத்திய துணியின் வாசனையை 30 பெண்களை முகரச்செய்து அவர்களின் மூளையை ஸ்கேன் செய்தார்கள். அவர்களில் பாதிப் பேர் அண்மையில் பிரசவித்தவர்கள், மீதிப் பேர் குழந்தை பெறாதவர்கள். மூளையில் விருப்பமான ஒன்று கிடைக்கும்போது விழித்துக்கொள்ளும் பகுதிகள் இரு தரப்பிலும் விழித்தன, தாய்மாரிடம் கூடுதலாக. உச்சி முகரும் பாட்டிக்கு இந்தச் சான்று தேவைப்படப்போவதில்லை என்பது வேறு விஷயம்.

சரி, உதட்டோடு உதடு சேரும் காதல் முத்தம் மனித குலம் முழுவதற்கும் பொதுவானதா? சினிமா பார்த்து வளர்ந்த நமக்கு ஆம் என்றே தோன்றும். சார்லஸ் டார்வின் 1872லேயே இல்லை என்று எழுதிவிட்டார். நியூசிலாந்து, தாகித்தி, சோமாலியா என்று இந்த வழக்கம் இல்லாத இடங்களை அவர் அடுக்கினார். நெருங்கியவரைத் தொட்டு இன்பம் காண்பது பிறவிக் குணம், முத்தம் அப்படியல்ல என்பது அவர் முடிவு. பாப்புவாவை அடுத்த டுரோப்ரியாண்ட் தீவுகளில் தங்கி ஆராய்ந்த மானுடவியலாளர் மலினோவ்ஸ்கி, அங்கே காதலர்கள் ஒருவர் இமை முடியை மற்றவர் பல்லால் கடித்து எடுப்பதை 1929இல் விவரித்தார். அவர்களுக்கு அதுதான் உச்சகட்ட நெருக்கம். வெள்ளைக்காரர்கள் வாயோடு வாய் வைப்பதை அவர்கள் சாரமில்லாத காரியமாகக் கருதினார்கள்.

2015இல் வில்லியம் ஜான்கோவியாக்கும் அவருடைய சக ஆய்வாளர்களும் உலகெங்கும் 168 சமூகங்களைப் பற்றிய ஆவணங்களைத் துருவினார்கள். காதல் முத்தம் இருந்தது 77 சமூகங்களில். அதாவது 46 சதவீதம், பாதிகூட இல்லை. மத்திய கிழக்கிலிருந்து எடுத்த சமூகங்கள் எல்லாவற்றிலும் இருந்தது, மத்திய அமெரிக்காவிலிருந்து எடுத்தவற்றில் ஒன்றில்கூட இல்லை. வேட்டையாடி, காய்கனி பொறுக்கி வாழும் சிறு கூட்டங்களில் அரிது. அரசும் அந்தஸ்தும் மேல்தட்டும் வளர வளர முத்தமும் பெருகியது. 'மேல்நாட்டுப் பழக்கம் நம்மைக் கெடுக்கிறது' என்று புலம்புகிறவர்களும், 'முத்தம் இயற்கை, அதைத் தடுக்கவே முடியாது' என்று வாதாடுகிறவர்களும் இந்தக் கணக்கை ஒருமுறை பார்ப்பது நல்லது. இருவருக்குமே அதில் இடறும் கல் இருக்கிறது.

இன்னொரு பெருமைப் பேச்சும் நம்மிடையே உலவுகிறது. முத்தத்தை உலகுக்குக் கற்றுக்கொடுத்ததே இந்தியா, அலெக்சாண்டரின் படைதான் அதை மேற்கே எடுத்துப்போனது என்பது. வாட்ஸ்அப்பில் பிறந்த கதை அல்ல இது. டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தின் மானுடவியலாளர் வான் பிரையன்ட் பரப்பிய கருத்து. கி.மு. 1500 வாக்கிலான வேத நூல்களில் முகர்வது பற்றி வருவதே மிகப் பழைய சான்று என்றார் அவர்.

2023 மே மாதம் 'சயன்ஸ்' இதழில் வந்த ஒரு கட்டுரை இந்தக் கதையைச் சாய்த்துவிட்டது. எழுதியவர்கள் ஒரு கணவனும் மனைவியும். கணவர் ட்ரோல்ஸ் பேங்க் ஆர்பல், கோபன்ஹேகனில் மெசொப்பொத்தேமிய ஆப்பெழுத்தைப் படிப்பவர். மனைவி சோஃபி லண்ட் ராஸ்முசென், முள்ளெலிகளை ஆராயும் உயிரியலாளர். இன்றைய ஈராக், சிரியா பகுதிகளில் கிடைத்த களிமண் பலகைகளில் கி.மு. 2500 வாக்கிலிருந்தே முத்தம் பேசப்படுவதை அவர்கள் எடுத்துக்காட்டினார்கள். முதலில் அது தெய்வங்களின் காரியமாக வருகிறது. பிறகு மண்ணுக்கு இறங்குகிறது. கி.மு. 1800 வாக்கிலான ஒரு பலகையில், மணமான பெண் ஒருத்தி வேறொருவன் கொடுத்த முத்தத்தால் தடம் மாறப் பார்த்த செய்தி இருக்கிறது. இன்னொன்றில், மணமாகாத பெண் ஒருத்தி குறிப்பிட்ட ஓர் ஆணுக்கு இனி முத்தம் கொடுக்கவே மாட்டேன் என்று சத்தியம் செய்கிறாள். துறவு காக்க வேண்டிய பூசாரிணிக்கு முத்தமிட்டவன் பேச்சிழப்பான் என்றும் நம்பினார்கள். நாலாயிரம் ஆண்டுகள் ஆகியும் நம் தெருவில் நடக்கும் கதை போலவே இருக்கிறது!

முத்தம் ஓரிடத்தில் பிறந்து ஊர் ஊராகப் போகவில்லை, பல இடங்களில் தனித்தனியாகவே இருந்திருக்கிறது என்பது அவர்கள் வாதம். எழுத்து எங்கே முதலில் தோன்றியதோ அங்கேதான் முதல் சான்றும் கிடைக்கும். அதை வைத்து முத்தமும் அங்கேதான் பிறந்தது என்று சொல்லிவிட முடியாது. வாத்ஸ்யாயனரின் காமசூத்திரம் முத்தத்துக்கென்று ஓர் அத்தியாயமே ஒதுக்கியது உண்மைதான். ஆனால் அது அந்தக் களிமண் பலகைகளுக்கு 2,500 ஆண்டுகளுக்கு மேல் இளையது.

எழுத்துக்கு முன்னே போக வேண்டுமானால் குரங்கினத்திடம்தான் போக வேண்டும். நெதர்லாந்தின் ஆர்னெம் விலங்குக்காட்சிசாலையில் சிம்பன்சிகளைக் கவனித்த ஃபிரான்ஸ் டி வால், சண்டை போட்ட இரண்டு சிம்பன்சிகள் சற்று நேரம் கழித்து வாயோடு வாய் வைத்துச் சமாதானமாவதை 1970களில் பதிவு செய்தார். சிம்பன்சிகளின் நெருங்கிய உறவான போனபோக்கள் இன்னும் ஒரு படி மேலே. ஒரு புதிய பராமரிப்பாளர் போனபோ தந்த முத்தத்தைச் சாதாரணமாக ஏற்கப்போய், அதன் நாக்கு தன் வாய்க்குள் வந்ததும் பதறிவிட்டதை டி வால் சிரித்துக்கொண்டே எழுதியிருக்கிறார். ஆக்ஸ்ஃபோர்டைச் சேர்ந்த மெட்டில்டா பிரிண்டில் குழு 2025இல் வெளியிட்ட ஆய்வு, பெரிய வாலில்லாக் குரங்குகளின் பொது மூதாதையிடமே முத்தம் இருந்திருக்கும் என்கிறது. காலம் சுமார் 2.15 கோடி முதல் 1.69 கோடி ஆண்டுகளுக்கு முன். நியாண்டர்தால் மனிதர்களும் முத்தமிட்டிருப்பார்கள் என்பது அதன் அடுத்த ஊகம்.

நியாண்டர்தால் பற்றி வேறொரு தடயமும் உண்டு. ஸ்பெயினின் எல் சிட்ரோன் குகையில் கிடைத்த சுமார் 48,000 ஆண்டுப் பழைய பற்களின் காரையை லாரா வெய்ரிச் குழு ஆராய்ந்தது. அதில் இருந்த ஒரு வாய்வாழ் நுண்ணுயிரும் நம் வாயில் உள்ளதும் பிரிந்தது, நாமும் நியாண்டர்தால்களும் தனி இனமாகப் பிரிந்து வெகுகாலம் கழித்துத்தான் என்று 2017இல் தெரியவந்தது. இடையில் எச்சில் எப்படியோ கைமாறியிருக்கிறது. முத்தத்தாலா, உணவைப் பங்கிட்டதாலா என்று பல் காரை சொல்லாது.

இவ்வளவு பழையது என்றால் பாதிச் சமூகங்களில் ஏன் இல்லை? வாயை வாயருகே கொண்டுபோகும் இயல்பு உடம்பில் இருக்கலாம். அதைக் காதலுக்குப் பயன்படுத்துவதா, பிள்ளைக்கு மட்டும் வைத்துக்கொள்வதா, உதட்டை விட்டு மூக்கோடு நிறுத்திக்கொள்வதா என்பதை ஒவ்வொரு சமூகமும் தானே முடிவு செய்துகொண்டது. எனக்கு நியாயமாகப் படும் விடை இதுதான். எப்படித் தொடங்கியது என்பதற்கும் பல கருத்துகள் உண்டு. தாய் உணவை மென்று குழந்தையின் வாயில் ஊட்டியதிலிருந்து வந்தது என்பது ஒன்று. குரங்குகள் பேன் பார்த்து முடித்துக் கடைசியில் உதட்டால் உறிஞ்சி எடுக்குமே, மனிதனுக்கு உடல் முடி குறைந்த பின் அந்தக் கடைசிக் கட்டம் மட்டும் மிஞ்சியது என்பது வார்விக் பல்கலைக்கழகத்தின் அட்ரியானோ லமெய்ரா 2024இல் சொன்னது. படிக்கச் சுவையாக இருக்கிறது. நிரூபிப்பதுதான் கடினம்.

உதட்டுக்கு வருவோம். உடலின் மற்ற தோலைவிட உதட்டின் மேல்தோல் மிக மெல்லியது. முடி இல்லை, வியர்வைச் சுரப்பி இல்லை. அடியில் ஓடும் ரத்தம் தெரிவதால்தான் சிவப்பு. பனிக்காலத்தில் முதலில் வெடிப்பதும் இந்த மெல்லிய தோலால்தான். ஆனால் நரம்பு முனைகள் அடர்ந்து கிடக்கின்றன. உடலின் எந்தப் பகுதிக்கு மூளையின் தொடு உணர்வுப் பரப்பில் எவ்வளவு இடம் என்று மான்ட்ரியலின் வைல்டர் பென்ஃபீல்ட் 1937இல் வரைபடமே போட்டார். அதில் முதுகு முழுவதற்கும் கிடைத்த இடம் கொஞ்சம், உதட்டுக்குக் கிடைத்த இடமோ ஏராளம்.

முத்தமிடும்போது தலையை எந்தப் பக்கம் சாய்ப்போம்? ஓனுர் குந்துர்குன் என்ற ஆய்வாளர் அமெரிக்கா, ஜெர்மனி, துருக்கி நாடுகளின் விமான நிலையங்களிலும் ரயில் நிலையங்களிலும் கடற்கரைகளிலும் 124 இணைகளைக் கவனித்தார். 80 இணைகள் வலப்பக்கம் சாய்ந்தன, 44 இடப்பக்கம். இது 2003இல் வந்தது. சினிமா பார்த்துக் கற்றதாக இருக்கலாமே என்று ஒரு கேள்வி எழுந்தது. அதற்கு விடை தேட டாக்கா, பாத் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வங்கதேசத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். அங்கே பொது இடத்திலும் திரையிலும் முத்தம் கிடையாது. மணமான இணைகள் தங்கள் வீட்டில் தனியறையில் முத்தமிட்டுவிட்டு, பிறகு தனித்தனி அறைகளில் உட்கார்ந்து யார் தொடங்கினார், எந்தப் பக்கம் சாய்ந்தார் என்று எழுதித் தந்தார்கள். அங்கும் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் வலப்பக்கம்தான். தொடங்கியது பெரும்பாலும் ஆண். பார்த்துப் பழகியது மட்டுமே காரணம் இல்லை என்று 2017இல் முடிவானது.

எச்சிலைப் பற்றிப் பேசாமல் முத்தத்தைப் பற்றிப் பேச முடியாது. எச்சில் பட்ட தம்ளரைத் தனியே வைக்கும் ஊர் நம்முடையது. அதே ஊரில்தான் வள்ளுவர், காதற்சிறப்புரைத்தல் அதிகாரத்தின் முதல் குறளில் காதலியின் வாயில் ஊறிய நீரைப் பாலும் தேனும் கலந்ததற்கு ஒப்பிட்டார். தள்ளிவைப்பதற்கும் தேடிப்போவதற்கும் பொருள் ஒன்றே, ஆள்தான் வேறு. ரெம்கோ கோர்ட் என்ற ஆய்வாளர் ஆம்ஸ்டர்டாமின் ஆர்ட்டிஸ் உயிரியல் பூங்காவுக்கு வந்த 21 இணைகளைக் கொண்டு 2014இல் அந்த நீரை அளந்தார். ஒருவருக்கு நல்ல பாக்டீரியா சேர்த்த தயிர்ப் பானத்தைக் குடிக்கக் கொடுத்து, பிறகு முத்தமிடச் சொல்லி, மற்றவர் வாய்க்கு அந்த பாக்டீரியா எவ்வளவு போனது என்று பார்த்தார்கள். 10 நொடி ஆழ்ந்த முத்தத்தில் சுமார் 8 கோடி. ஒரு நாளைக்கு ஒன்பது முறையாவது முத்தமிடும் இணைகளின் எச்சிலில் நுண்ணுயிர்க் கூட்டம் ஒரே மாதிரி இருந்தது. நாக்கின் மேலுள்ள கூட்டம் முத்தக் கணக்கு எப்படி இருந்தாலும் ஒத்துப்போனது. ஒரே வீடு, ஒரே சாப்பாடு.

வாசனையை வைத்தே பொருத்தமான துணையை உடம்பு அறிந்துகொள்கிறது, முத்தம் அதற்கான தேர்வு என்று பத்திரிகைகள் அடிக்கடி எழுதுகின்றன. இதற்கு மூலம் கிளாஸ் வெடகிண்ட் 1995இல் வெளியிட்ட சோதனை. ஆண்கள் இரண்டு இரவு போட்டிருந்த டி-ஷர்ட்டுகளைப் பெண்கள் முகர்ந்தார்கள். நோய் எதிர்ப்பு மரபணுக்கள் தங்களுடையதிலிருந்து வேறுபட்ட ஆண்களின் வாசனை அவர்களுக்குப் பிடித்தது, கருத்தடை மாத்திரை எடுத்தவர்களிடம் அது தலைகீழானது. நல்ல சோதனை. ஆனால் அதில் யாரும் யாருக்கும் முத்தம் கொடுக்கவில்லை! டி-ஷர்ட்டிலிருந்து முத்தத்துக்குத் தாவியது பத்திரிகைகளின் கைவரிசை. 'முத்தமிட்டால் பாச ஹார்மோனான ஆக்ஸிடோசின் பொங்கும்' என்பதும் இந்த ரகம்தான். லாஃபயெட் கல்லூரியின் வெண்டி ஹில் 15 மாணவ இணைகளிடம் அளந்தபோது, மன அழுத்த ஹார்மோனான கார்டிசால் இரு பாலருக்கும் குறைந்தது. ஆக்ஸிடோசின் ஆண்களுக்குக் கூடியது, பெண்களுக்குக் குறைந்துவிட்டது. கல்லூரி மருத்துவ அறையில் வைத்து முத்தமிடச் சொன்னால் வேறென்ன நடக்கும் என்று கேட்பவர்களும் உண்டு.

முத்தம் உண்மையிலேயே ஒரு நோயைக் காட்டிக்கொடுத்த வரலாறு ஒன்று இருக்கிறது. நெற்றியில் முத்தமிடும்போது உப்புக் கரிக்கும் குழந்தை நெடுநாள் வாழாது என்று ஐரோப்பிய நாட்டுப்புறங்களில் நூற்றாண்டுகளாகச் சொல்லிவந்தார்கள். சாபம் என்று நினைத்தார்கள். 1948இல் நியூயார்க்கைக் கடும் வெயில் வாட்டியபோது, சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்ற பரம்பரை நோய் உள்ள குழந்தைகள் மற்றவர்களைவிடச் சுலபமாகச் சுருண்டு விழுந்தார்கள். பால் டி சான்டாக்னீஸ் என்ற மருத்துவர் காரணத்தைத் தோண்டி, அவர்களின் வியர்வையில் உப்பு மிக அதிகம் என்று 1953இல் வெளியிட்டார். 1959 முதல் வியர்வையில் குளோரைடை அளப்பதே இந்த நோயைக் கண்டறியும் அடிப்படைப் பரிசோதனை. நம் நாட்டிலும் இந்த நோய் உண்டு, பல நேரம் கண்டறியப்படாமல் போகிறது. முத்தமிடும்போது குழந்தை எப்போதும் உப்பாக இருக்கிறது, விடாத இருமலும் இருக்கிறது, எடையும் ஏறவில்லை என்றால் குழந்தை மருத்துவரிடம் இந்த மூன்றையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

தகவல் வரும் வழியிலேயே நோயும் வரும். இதையும் ரோம் அனுபவித்தது. டைபீரியஸ் பேரரசர் காலத்தில் ஆசியாவிலிருந்து திரும்பிய ஒருவர் மூலம் முகத்தில் படரும் ஒரு தோல் நோய் வந்தது. தாடையில் தொடங்குவதால் அதற்குக் கேலியாகத் தாடைநோய் என்று பெயர் வைத்தார்கள். அடிமைகளுக்கும் ஏழைகளுக்கும் அது அவ்வளவாக வரவில்லை. சந்திக்கும்போதெல்லாம் முத்தமிட்டுக்கொண்ட மேட்டுக்குடி ஆண்களிடையேதான் பரவியது என்று அதே பிளைனி எழுதுகிறார். அன்றாட வணக்க முத்தங்களுக்கு டைபீரியஸ் தடை ஆணை போட்டதும் பதிவாகியிருக்கிறது. இங்கிலாந்தில் 1439இல் கொள்ளைநோய் பரவியபோது, ஆறாம் ஹென்றிக்கு விசுவாசம் தெரிவிக்கும் சடங்கில் முத்தத்தை மட்டும் விட்டுவிட நாடாளுமன்றம் அனுமதி கேட்டது. 2020இல் கொரோனா தொடங்கிய நாட்களில் கன்னத்தோடு கன்னம் வைத்து வணங்க வேண்டாம் என்று பிரான்ஸ் அரசு கெஞ்சியது. ஒவ்வொரு முறையும் நோய் போனதும் முத்தம் திரும்பிவிட்டது.

இன்றைய கவலைகளில் பலவற்றை ஒதுக்கிவிடலாம். எய்ட்ஸ் எச்சிலால் பரவாது. மேல்நாட்டில் 'முத்த நோய்' என்று பேர் வாங்கிய காய்ச்சலுக்குக் காரணமான எப்ஸ்டைன்-பார் வைரஸ் உலகில் பத்தில் ஒன்பது பெரியவர்களின் உடலில் இருக்கிறது. சிறு வயதில் தொற்றினால் பெரும்பாலும் தெரிவதே இல்லை, வாலிபத்தில் தொற்றினால் தொண்டைவலியும் காய்ச்சலும் சோர்வும் வாரக்கணக்கில் படுத்தும்.

கவனிக்க வேண்டியது ஹெர்பிஸ் சிம்ப்ளக்ஸ் முதல் வகை. உதட்டோரம் நீர் கோத்துக் கொத்தாகச் சிறு கொப்புளங்கள் வருமே, அது. 50 வயதுக்குட்பட்டவர்களில் 64 சதவீதத்தினர், சுமார் 380 கோடிப் பேர், இந்த வைரஸோடு வாழ்கிறார்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். பெரியவர்களுக்கு இது சில நாள் தொல்லை. பிறந்து சில வாரங்களே ஆன குழந்தைக்கு இது மூளையையும் கல்லீரலையும் தாக்கி உயிருக்கே ஆபத்தாகலாம். எதிர்க்கும் சக்தி அந்தப் பிஞ்சு உடம்புக்கு இன்னும் வரவில்லை.

எனவே வீட்டில் பச்சிளம் குழந்தை இருந்தால், உதட்டில் கொப்புளமோ ஆறாத புண்ணோ உள்ளவர் யாரானாலும், அத்தையோ தாத்தாவோ பெற்ற தகப்பனோ, புண் முழுதாக ஆறும்வரை குழந்தைக்கு முத்தம் கொடுக்க வேண்டாம். தூக்குவதற்கு முன் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். தாய்க்கே கொப்புளம் இருந்தால், மார்பில் புண் இல்லாதவரை தாய்ப்பால் தாராளமாகக் கொடுக்கலாம், முத்தத்தை மட்டும் தள்ளிப்போடலாம். பார்க்க வந்தவரிடம் 'முத்தம் வேண்டாம்' என்று சொல்வதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை. குழந்தைக்குக் காய்ச்சல் வந்தாலோ, பால் குடிக்க மறுத்தாலோ, எழுப்பினாலும் துவண்டு கிடந்தாலோ, தோலில் கொப்புளம் தெரிந்தாலோ காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள். உதட்டுப் புண் உள்ள யாராவது குழந்தைக்கு முத்தமிட்டிருந்தால் அதை மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். இதற்கு மருந்து இருக்கிறது. எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறார்களோ அவ்வளவு நன்றாக அது வேலை செய்யும்.